உடைய வேண்டிய நேரத்தில் உடையாத போல்ட்

ஒரு போல்ட் உடைவதற்குப் பாலங்கள் பராமரிப்புத் துறை கொடுத்திருக்கும் அவகாசம் நாற்பத்தெட்டு மணி நேரம். சோதனைக்கூடத்தில் போல்ட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பூட்டி வைப்பார்கள். எதிரே நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அதற்குள் உடைந்தால் கெட்ட போல்ட். உடையாவிட்டால் நல்ல போல்ட். பச்சை முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். சான்றிதழ் வாங்கிய போல்ட் அதற்குப் பிறகும் உடையலாம் என்று விதிப்புத்தகத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

விதிப்புத்தகத்தைப் படிக்காத ஒரு போல்ட், பாலத்தில் மாட்டிய பத்தாம் நாள் காலையில் உடைந்தது. அதன் தலை, கால்வாய்க் கரையில் நடைபாலத்துக்குக் கீழே கடை போட்டிருந்த ஜூஸ்காரரின் கண்ணாடிக் குடுவைக்குள் நேராகப் போய் விழுந்தது.

"அண்ணே, இங்க வாங்க! உங்க சாமான் ஒண்ணு என் கடையில விழுந்து கிடக்கு!" என்று ஜூஸ்காரர் கத்தினார்.

பாலத்தின் பிட்டர் சுத்தியலோடு இறங்கி வந்தார். பத்தொன்பது வருடமாக அந்தப் பாலத்தின் போல்ட்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்லது. சத்தம் அமுங்கினால் உள்ளே ஏதோ இருக்கிறது. பழைய கறுப்பு போல்ட்டுகள் எல்லாம் அவரிடம் கணீரென்று பேசிக்கொண்டிருந்தவைதான். பாலத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அவற்றையெல்லாம் கழற்றிவிட்டுப் பளபளவென்று முந்நூற்றுப் பன்னிரண்டு புது போல்ட்டுகள் கொடுத்தார்கள். அத்தனையையும் தன் கையாலேயே முடுக்கியவர் அவர்.

பிட்டர் குடுவையிலிருந்து போல்ட் தலையை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். கட்டைவிரலைவிடத் தடிமனான இரும்பு. இழுபட்டு மெலிந்து அறுந்த அடையாளமே இல்லை. பிஸ்கட்டை ஒடித்ததுபோல் நறுக்கென்று ஒடிந்திருந்தது. ஒடிந்த முகத்தில் கல் உப்பின் மினுமினுப்பு.

"எட்டு கிளாஸ் ஜூஸ் போச்சுண்ணே."

"உன் தலை போகலையேன்னு சந்தோஷப்படு" என்ற பிட்டர் அண்ணாந்து பாலத்தைப் பார்த்தார். காலை வேலைக்குப் போகிற கூட்டம் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பாலம் லேசாக ஏறி இறங்கியது. தொங்குகிற பாலம் ஆடத்தான் செய்யும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகும்.

அந்தக் கூட்டத்தில் அவர் மனைவியும் இருந்தாள். அக்கரையில் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. தினமும் காலை ஆறரைக்குப் போவாள். மூன்று மணிக்குத் திரும்புவாள். பாலத்தின் நடுவிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, காலையிலேயே ஜூஸா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் அக்கரை சேரும்வரை பிட்டர் பார்த்துக்கொண்டே நின்றார்.

போல்ட் தலையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவர் தலைமை அலுவலகத்துக்குப் போனார். உடைப்புப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. எழுத்தர் அம்மா எட்டாம் எண் படிவத்தை எடுத்து, பெயர், பாலம், போல்ட்டின் எண் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் நிரப்பினார். பிறகு கேட்டார்:

"சோதனை தொடங்கினதிலேருந்து எத்தனாவது மணியில உடைஞ்சது?"

"பத்து நாளுக்கு மேல ஆச்சுங்க மேடம். இருநூத்தி நாப்பதுன்னு வச்சுக்குங்க."

எழுத்தரின் பேனா நின்றது. படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "நீங்களே பாருங்க. ரெண்டு கட்டம்தான் இருக்கு."

"பக்கத்துல எழுதிக்கலாமே மேடம்?"

"பக்கத்துல எழுதறதுன்னா கட்டம் எதுக்கு?"

எழுத்தர் இரக்க சுபாவம் உள்ளவர். கொஞ்சம் யோசித்து, "இருபத்தி நாலுன்னு போட்டுடட்டுமா? ஒரு சைபர்தானே குறையுது" என்றார்.

"அப்படிப் போட்டா சோதனையிலேயே உடைஞ்சதா ஆயிடுமே?"

"ஆயிடும். சோதனையில உடைஞ்ச போல்ட்டை ஏன் பாலத்துல மாட்டினீங்கன்னு உங்க மேல நடவடிக்கை வரும். அது வேற படிவம்." எழுத்தர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "அதுல கட்டம் நிறைய இருக்கு."

பிட்டர் கைக்குட்டையை முடிந்துகொண்டு கிளம்பினார்.

போல்ட்டுகளுக்கு முலாம் பூசிய பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. அன்று மத்தியானம் அங்கே போனார். மேஸ்திரி போல்ட் தலையைக் கையில் வாங்கினார். ஒடிந்த இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது.

"எனக்குத் தெரியும்ணே. என்னிக்காவது ஒருத்தர் இதைத் தூக்கிக்கிட்டு வருவாங்கன்னு தெரியும்."

"என்னதான் ஆச்சு?"

"முலாம் பூசறதுக்கு முன்னாடி அமிலத் தொட்டியில முக்கறோம் இல்ல? அப்பவும் சரி, பூசும்போதும் சரி, ஹைட்ரஜன் வாயு இரும்புக்குள்ள பூந்துக்கும். கண்ணுக்குத் தெரியாது. உடனே அடுப்புல வச்சு ஒரு முழு நாள் சூடு காட்டினா வெளிய போயிடும். காட்டலைன்னா உள்ளேயே உக்காந்திருக்கும். இறுக்கி முடுக்கினீங்கன்னா, இழுப்பு எங்க அதிகமோ அங்க மெதுவா நகந்து போய்ச் சேரும். அது போய்ச் சேர நாளாகும். சேந்ததும் அங்க கீறல் விடும். பாலம் ஆட ஆடக் கீறல் வளரும். அப்புறம் ஒரு நாள் டப்புனு போகும்."

"சாதா போல்ட்டும் இப்படிப் போகுமா?"

"சாதா இரும்பு கொஞ்சம் வளைஞ்சு கொடுத்துத் தப்பிச்சுக்கும். இது ரொம்பக் கெட்டி. கெட்டியான இரும்புக்குத்தான் இந்த வியாதி."

"அப்ப அடுப்புல வைக்க வேண்டியதுதானேய்யா?"

"வச்சேனே! முதல் லாட்டை வச்சேன். வெளிய எடுத்தா லேசா மங்கலாயிடுச்சு. உங்க இயக்குநர் வந்து ஒரு போல்ட்டைக் கையில எடுத்து அதுல தன் மூஞ்சியைப் பாத்தாரு. சரியா தெரியல. 'திறப்பு விழாவுக்கு இதையா மாட்டுவாங்க, அடுப்பே வேணாம்'னுட்டாரு. எழுத்துல வேணும்னு கேட்டேன். எழுதியே கொடுத்தாரு."

மேஸ்திரி அந்தக் கடிதத்தையே எடுத்துக் கொடுத்தார். 'பளபளப்பைக் குறைக்கும் எல்லாப் பணிகளும் உடனே நிறுத்தப்பட வேண்டும்' என்று அதில் இருந்தது. கீழே இயக்குநரின் கையெழுத்து, அதுவும் பளபளக்கும் மையில்.

இனிக் கவலையில்லை, காரணமே கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுநாள் பிட்டர் தரச்சான்று அதிகாரியிடம் போனார். அதிகாரியின் அறை முழுக்கப் பச்சை முத்திரை குத்திய கோப்புகள். அவர் ஒரு கையில் உடைந்த போல்ட் தலையையும் மறுகையில் அந்த போல்ட்டுக்குக் கொடுத்த சான்றிதழையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது" என்றார்.

"ஆமாங்க சார்" என்றார் பிட்டர் நம்பிக்கையோடு.

"சான்றிதழ்ல மூணு பேர் கையெழுத்து இருக்கு. போல்ட்ல யாரு கையெழுத்து இருக்கு?"

"சார், ஹைட்ரஜன்..."

"உக்காருங்க. நீங்க பிட்டர். உங்களுக்கு நான் எளிமையா சொல்றேன். பழைய போல்ட்டோட பலம் எட்டுன்னா இதோட பலம் பன்னெண்டு. போன வருஷம் பத்துதான் கேட்டாங்க. நான்தான் பன்னெண்டு ஆக்கினேன். எதுக்குப் பன்னெண்டுன்னு யாரும் கேக்கல. நானும் கேட்டுக்கல. அவ்வளவு பலமான போல்ட் உடையுதுன்னா தப்பு பலத்துல இல்ல. அதோட மனப்பான்மையில இருக்கு."

"சார், பாலத்துல என் சம்சாரம் நடந்து போறாங்க. இன்னும் முந்நூத்திப் பதினொண்ணு இருக்கு."

"அதுங்க எல்லாம் பாஸ் ஆனதுங்க." அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, உங்க திருப்திக்கு மறுபடி சோதனை வச்சுடலாம். உங்க கண் முன்னாடியே."

புது போல்ட் ஒன்றைச் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பூட்டினார்கள். எதிரே நாற்காலி போட்டார்கள். பிட்டரும் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு நாற்பத்தெட்டாவது மணி நேரம் முடிந்தது. தரச்சான்று அதிகாரி கைதட்டினார். சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டு ஊழியர்களும் கைதட்டினார்கள்.

"கொஞ்சம் அப்படியே விட்டு வைங்க சார். இன்னும் ஒரு வாரம்" என்று பிட்டர் கெஞ்சினார்.

"ஒரு வாரம் இழுத்துக் கட்டினா நானே உடைஞ்சுடுவேன்யா" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் போல்ட்டைக் கழற்றுகிற ஆள் லீவில் இருந்ததால் அது அப்படியே கிடந்தது. அதிகாரி சான்றிதழை எழுதி, மை காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தார். பதினொன்றரை மணிக்கு அறைக்குள் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். போல்ட்டின் தலை எதிர்ச் சுவரில் மோதி, சுவர்க் கடிகாரத்தை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது.

பிட்டர் மெதுவாகத் தலையை எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

அதிகாரி முதலில் சான்றிதழைப் பார்த்தார். மை காய்ந்துவிட்டிருந்தது. "சோதனை பத்து மணிக்கே முடிஞ்சுது" என்றார். "பத்து மணிக்கு மேல இந்த ரூமுக்குப் பேரு சோதனைக்கூடம் கிடையாது, ஸ்டோர் ரூம். ஸ்டோர் ரூம்ல சாமான் உடைஞ்சா ஸ்டோர் கீப்பரைக் கேளுங்க."

அதற்குள் பாலத்தில் இன்னும் மூன்று போல்ட் தலைகள் விழுந்திருந்தன. இரண்டு தண்ணீரில். ஒன்று நடைதளத்தில் கிடந்ததைப் பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி எடுத்துக்கொண்டு வந்து, "பேப்பர் வெயிட்டுக்கு நல்லாயிருக்கு அங்கிள், வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். பிட்டர் தானே பாலத்தின் இரண்டு முனையிலும் 'அபாயம்' என்று சிவப்பில் எழுதிப் பலகை வைத்தார். ஜனங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் தன் குடையை அதில் மாட்டிவிட்டு ஷூ லேஸ் கட்டினார்.

"அபாயம்னு எழுதியிருக்கே, பாக்கலையா?" என்று அவரைக் கேட்டார் பிட்டர்.

"டிரான்ஸ்பார்மர்லேயும்தான் எழுதியிருக்கு. அதுக்காக வீட்ல லைட் போடாம இருக்கோமா?" என்றார் அவர்.

மாலையில் துறை ஆள் வந்து, அனுமதியில்லாத பலகை என்று அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஆறு தலைகள் சேர்ந்த பிறகு இயக்குநரே கூட்டம் கூட்டினார். நீளமான மேஜை. ஒரு பக்கம் பதினொரு அதிகாரிகள். மறு பக்கம் பிட்டர். இயக்குநர் நல்ல பேச்சாளர். எழுந்து நின்றுதான் பேசுவார்.

"நண்பர்களே, இந்த போல்ட்டுகள் தாமதமாக உடைவதாக ஒரு குற்றச்சாட்டு. நான் கேட்கிறேன், தாமதம் குற்றமா? இந்தப் பாலத்தைப் பதினான்கு மாதத்தில் முடிப்போம் என்றோம். நாற்பத்தொரு மாதத்தில் முடித்தோம். யாராவது உடைந்தோமா? பழுது என்று மனு வந்தால் சராசரியாக ஏழு மாதத்தில் பதில் போடுகிறோம். இந்தத் துறையில் எதுவுமே உரிய நேரத்தில் நடந்ததில்லை. ஒரு விரிசல் மட்டும் உரிய நேரத்தில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அது நம் நடைமுறைப்படிதான் வந்திருக்கிறது!"

மேஜையைத் தட்டினார்கள். பிட்டர் எழுந்து அடுப்புக் கடிதத்தை நீட்டினார். இயக்குநர் அதை வாங்கி, படிக்காமல், கையெழுத்தை மட்டும் ரசித்துவிட்டுத் தன் கோப்பில் சொருகிக்கொண்டார்.

"காரணம் பளபளப்பு இல்லை. காரணம் ஆட்டம். பாலம் ஏன் ஆடுகிறது? ஜனங்கள் நடப்பதால் ஆடுகிறது. எல்லோரும் ஒரே மாதிரி இடது வலது என்று நடக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை ஒழிக்க வேண்டும்."

"சார், பாலத்தை மூடிட்டு எல்லா போல்ட்டையும் மாத்தினா பத்தே நாள்ல..."

"பாலத்தை மூட வேண்டுமென்றால் போல்ட் உடைந்திருக்க வேண்டும். போல்ட் உடைந்ததற்கு எட்டாம் எண் படிவம் இருக்கிறதா?"

பிட்டர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பாலத்தின் முனையில் விசிலோடு ஒரு நடை கண்காணிப்பாளர் நின்றார். ஒற்றைப்படை தேதிகளில் பெண்கள் வலது காலையும் ஆண்கள் இடது காலையும் முதலில் எடுத்து வைக்க வேண்டும். இரட்டைப்படை தேதிகளில் அதுவே தலைகீழ். கால் மாறிப் போனால் விசில். சலவைப் பிரிவுப் பெண்கள் பதினைந்து பேரையும் மூன்று தடவை திருப்பி அனுப்பி நடக்கவைத்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த மனைவி செருப்பைக் கழற்றி எறிந்தாள். "நாப்பத்தாறு வயசுல எனக்கு நடை சொல்லிக் கொடுக்கறான், விசிலை வச்சுக்கிட்டு! உங்க ஆபீசுல வேலைவெட்டி இல்லாதவங்களையெல்லாம் ஒரே இடத்துல எப்படிங்க சேத்து வச்சாங்க?"

பிட்டர் தட்டை ஒதுக்கி வைத்தார். "நாளையிலேருந்து நீ அந்தப் பக்கம் போகாத. லாரிப் பாலம் வழியா சுத்திப் போ."

"முக்கால் மணி நேரம் ஆகுமே."

"ஆகட்டும்."

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கோபம் போய்விட்டது. "அவ்வளவு மோசமா?"

"இன்னிக்குத் தட்டிப் பாத்தேன். நடுப் பாகத்துல பாதி போல்ட் சத்தமே கொடுக்கல."

"நான் சுத்திப் போயிடறேன். என்கூட வர்ற பதினாலு பேரு? ஆஸ்பத்திரிக்கு வர்ற நோயாளிங்க? அவங்க வீட்லயும் ஒரு பிட்டர் உக்காந்துக்கிட்டு சுத்திப் போன்னு சொல்வாரா?"

"நான் என்னடி செய்யட்டும்? ஏறாத மாடியில்ல. மேல சொல்லிட்டேன், கீழ சொல்லிட்டேன். அபாயம்னு எழுதி வச்சேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கல."

"அபாயம்னா எவன் நிப்பான்? எல்லாரும் அபாயத்துக்குப் பழகிட்டாங்க. சட்டை பாழாப் போகும்னு சொல்லுங்க, நிப்பாங்க" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள்.

பிட்டர் சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் அவர் ஒரு டப்பா பச்சைப் பெயிண்டோடு பாலத்துக்குப் போனார். இரண்டு முனைகளிலும் கைப்பிடிக் கம்பிகளில் பத்தடி தூரத்துக்குத் தாராளமாகப் பூசினார். நடைதளத்தின் தொடக்கத்தில் முழு அகலத்துக்கும் ஒரு பட்டை இழுத்தார். பெரிய எழுத்தில் பலகை வைத்தார்: 'பெயிண்ட் காயவில்லை.'

ஆறே காலுக்குக் கூட்டம் வந்தது. பலகையைப் படித்தது. தத்தம் உடையைப் பார்த்துக்கொண்டது. முணுமுணுத்தபடி திரும்பி லாரிப் பாலத்தை நோக்கி நடந்தது. ஒருவர்கூடத் தாண்டவில்லை. நடை கண்காணிப்பாளர் மட்டும் கடமை தவறாமல் உள்ளே கால் வைத்தார். காக்கி கால்சட்டையில் பச்சை அப்பியதைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஜூஸ்காரரும், மேலேயிருந்து சொட்டினால் வியாபாரம் கெடும் என்று கடையைத் தெருமுனைக்கு நகர்த்திக்கொண்டார்.

மதியம் துறையிலிருந்து ஜீப் வந்தது. ஆனால் பெயிண்ட் பிரிவு தனிப் பிரிவு. காயாத பெயிண்டை அப்புறப்படுத்தும் அதிகாரம் வேறு யாருக்கும் கிடையாது. காய்ந்துவிட்டது என்று அவர்கள் சான்று கொடுத்தால்தான் பாலத்தைத் திறக்கலாம். பூசியதற்கே உத்தரவு இல்லாதபோது காய்ந்ததற்கு எப்படிச் சான்று கொடுப்பது என்று பெயிண்ட் பிரிவு கேட்டது. கோப்பு போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. பிட்டர் தினமும் விடியும்போது வந்து பட்டையின் மேல் இன்னொரு பூச்சுப் பூசிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு நல்ல காற்று அடித்தது. ஆளில்லாத பாலம் இரண்டு தடவை ஆடியது. படபடவென்று பட்டாசுக் கட்டைக் கொளுத்தியதுபோல் சத்தம் கேட்டது. நடுப் பாகம் முழுசாகக் கழன்று கால்வாயில் விழுந்தது. கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் மேல் தண்ணீர் தெறித்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

விசாரணை ஆணையம் மூன்று வாரத்தில் உட்கார்ந்துவிட்டது. துறையின் சரித்திரத்தில் அது ஒரு வேகம். தரச்சான்று அதிகாரி தடித்த கோப்போடு வந்திருந்தார்.

"எங்கள் கணக்குகள் எல்லாம் ஆட்கள் நடக்கும் பாலத்துக்குப் போட்டவை. ஒரே நேரத்தில் நானூறு பேர் நின்றால் என்ன ஆகும் என்று கணக்கு இருக்கிறது. தாங்கும். இருநூறு பேருக்கும் கணக்கு இருக்கிறது. தாங்கும். யாருமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் கணக்கே போடவில்லை. கணக்குப் போடாத நிலையில்தான் பாலம் விழுந்திருக்கிறது. ஆகவே..." என்று நிறுத்திப் பிட்டரைப் பார்த்தார்.

விசாரணை அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

"அன்னிக்கு வேலை நாள். அந்த நேரத்துல பாலத்துல குறைஞ்சது அறுபது பேராவது இருந்திருக்கணும். ஒருத்தர்கூட இல்ல. இதுக்கு யார் பொறுப்பு?"

"நான்தாங்க சார்" என்றார் பிட்டர்.

"முழுப் பொறுப்பும்?"

"முழுசா நான்தான்."

அறை நிம்மதியாக மூச்சு விட்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் அம்மா விறுவிறுவென்று எழுதி, காகிதத்தைப் பிட்டர் முன்னால் நகர்த்தினார். 'சம்பவ நேரத்தில் பாலத்தின் மேல் எவரும் இல்லாமல் போனதற்கு நானே காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். இதற்காகத் துறை எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.'

பிட்டர் அதை ஒரு முறை படித்தார். அவசரமில்லாமல் இன்னொரு முறை படித்தார். பிறகு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வேலை போயிடுமே, தெரியுமில்ல?" என்று எழுத்தர் அம்மா குனிந்து மெல்லக் கேட்டார்.

"தெரியுங்க மேடம்" என்றார் பிட்டர். "இதுல ஒரு நகல் கிடைக்குமா? வீட்ல காட்டணும்."